திகைத்து நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்

மவுலிவாக்கம், 2014

சென்னை போரூரிலிருந்து குன்றத்தூர் போகிற வழியில் இருக்கிறது மவுலிவாக்கம். பூந்தமல்லிக்காரர்களுக்கு அதிக தூரமில்லை. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை மழைக்கு நடுவே, அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா பக்கமிருந்தும் நம் வெளிமாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்களே அதிகம். அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படை நாள்கணக்கில் தோண்டியது. மூன்று நாள் கழித்தும் ஒருவர் உயிரோடு கிடைத்தார். கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே ஆள் அடங்கும் அளவு சந்து இருந்து, காற்றும் வந்தால் உயிர் தாங்கும்.

கால் ஏன் நகர மறுக்கிறது?

இப்படி ஓர் ஆபத்து வந்தால் கூட்டம் கண்மண் தெரியாமல் ஓடும் என்று சினிமா பழக்கிவிட்டது. நிஜத்தில் பெரும்பாலானோர் நின்ற இடத்தில் நிற்பார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் லீச், விபத்துகளில் தப்பியவர்களை ஆராய்ந்து சொன்ன கணக்கு இது: நிதானமாகச் செயல்படுபவர்கள் பத்தில் ஒருவரோ இருவரோதான், முக்கால்வாசிப் பேர் திகைத்துப் போவார்கள், மிச்சமிருப்பவர்கள் அலறிக் குழப்பத்தைக் கூட்டுவார்கள்.

இது கோழைத்தனமில்லை. அட்ரினலின் ஏறி இதயம் படபடக்கும்போது, மூளை இதற்கு முன் பழகிய வழி எதுவென்று தேடுகிறது. பழக்கமில்லாத ஆபத்தென்றால் ஒன்றும் அகப்படாது. அந்த நேரத்தில் செருப்பைத் தேடுவதும் பீரோவைப் பூட்டப் போவதும் அதனால்தான்.

இன்னொரு வகைத் திகைப்பு மெதுவாக வரும். “2015 வெள்ளத்துலயே எங்க தெருவுக்குத் தண்ணி வரல” என்ற நம்பிக்கை அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. போன முறை தப்பித்தது இந்த முறைக்கு உத்தரவாதமில்லை.

உறைந்தவரை உசுப்ப

உறைந்து நிற்பவரிடம் “பதறாதீங்க” என்றால் காதில் ஏறாது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: “செல்வி, குழந்தையைத் தூக்கு.” குரல் ஓங்கியிருக்கட்டும், வாக்கியம் குட்டையாக இருக்கட்டும். விமானப் பணிப்பெண்கள் ஆபத்தில் கத்தியே ஆணையிடப் பயிற்சி பெறுவதும் இதற்காகத்தான்.

மூளை தேடும் அந்தப் பழகிய வழியைத் தருவது ஒத்திகை. தொழிற்சாலைகளில் தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தால் டீ குடிக்கக் கிடைத்த நேரம் என்று சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். சிரிக்கட்டும், காலுக்கு வழி பழகினால் போதும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் அந்த ஒத்திகையும் அபூர்வம். நடந்தாலும் தமிழில் மட்டும் எச்சரித்தால் ஒடியாக்காரருக்கு என்ன புரியும்?

இடிபாட்டில் சிக்கினால்

தூசு நுரையீரலை அடைக்கும். துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். ஓயாமல் கத்தாமல், குழாயையோ சுவரையோ தட்டி ஒலி எழுப்புங்கள். கேஸ் கசிந்திருக்கலாம், தீக்குச்சி உரசவே கூடாது.

வெளியே நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கை, காலின் மேல் பாரம் விழுந்து மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் தசை சிதையும். பாரத்தைத் தூக்கியதும் அதிலிருந்து பொட்டாசியம் குபுக்கென்று ரத்தத்தில் கலக்கும். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரின் இதயம் நின்றுபோகலாம். அப்போது தப்பினாலும், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுத்துப் போவது அதன் அடையாளம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சில் சிக்கியவர்களிடம் இதைக் கண்டு 1941-ல் எழுதியவர் மருத்துவர் எரிக் பைவாட்டர்ஸ்.

சிக்கிச் சில நிமிடங்கள்தான் ஆகிறதென்றால் உடனே பாரத்தை அகற்றுங்கள். நேரம் கடந்துவிட்டால் மருத்துவக் குழு வந்து சலைன் ஏற்றிய பிறகே தூக்க வேண்டும். எத்தனை மணிக்குச் சிக்கினார் என்பதை 108 ஊழியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீடியோ எடுக்கும் கூட்டம் ஒதுங்கினாலே ஸ்ட்ரெச்சருக்கு வழி கிடைக்கும்.

உயிர் பிழைத்த பிறகு

தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடல், மேகம் கறுத்தாலே அழும் குழந்தை. முதல் சில வாரங்களுக்கு இதெல்லாம் இயல்பு. பெரும்பாலோருக்குத் தானே தணியும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி நச்சரிக்காதீர்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். தூங்குவதற்காக மதுவைத் தொட வேண்டாம்.

ஒரு மாதம் கடந்தும் தணியவில்லை என்றாலோ, செத்திருக்கலாம் என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். போக முடியாதவர்கள் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.