மேடைப் பேச்சுக்கு ஆயத்தமாவது எப்படி?

ஆண்டு விழா நெருங்கும்போது பல வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். தாயோ தந்தையோ ஒரு பேச்சை எழுதுவர். பிள்ளை அதனை ஆங்கில எழுத்துகளில் பெயர்த்தெழுதி மனனம் செய்யும். மேடையில் ஒரு சொல் மறந்தால் அடுத்த சொல்லும் வாராது. அவ்வாறு கண்கலங்கி இறங்கிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். குறை பிள்ளையினுடையதன்று, பொருள் விளங்காத பேச்சை எழுதிக் கொடுத்த பெரியோருடையதே. ஊரில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நாமும் இதனையே செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நல்ல பேச்சு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு எமது வரலாற்றிலேயே சான்று உண்டு. முன்னர் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனமே பெருவழக்கு. ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பொருள் சொல்வார். 1847 டிசெம்பர் 31 ஆம் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில், 25 வயதினரான ஆறுமுகம் என்னும் இளைஞர் வேறொரு வழியைத் தொடங்கினார். மக்களை நோக்கி வசன நடையிலேயே பிரசங்கம் செய்தார். மெதடிஸ்த பாதிரிமாரின் பாடசாலையில் கற்றுக் கற்பித்தவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அங்கு கண்ட பிரசங்க முறையைச் சைவத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் அப்பணி தொடர்ந்தது. 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கியது.

அவர் தாம் சொல்லவேண்டியதை அறிந்திருந்தார், கேட்போரையும் அறிந்திருந்தார். திருக்குறளில் ‘அவையறிதல்’ 72 ஆம் அதிகாரம், ‘அவையஞ்சாமை’ அதற்கடுத்தது. அவையை அறிந்தால் அச்சம் குறையும் என்பதே இவ்வரிசையில் நாம் காணும் பாடம். தோர்ண்டன் ஹீத்தில் எமது அவையில் இருப்போர் யார்? ஆங்கிலம் அதிகம் அறியாத அம்மம்மா ஒரு புறம். இப்போதுதான் ‘அ’ எழுதப் பழகும் சிறு பிள்ளை மறு புறம். இருவருக்கும் விளங்கும் எளிய சொற்களே வேண்டும்.

அன்பு மாணவச் செல்வங்களே! பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, பொருள். நீங்கள் கண்டதையும் கேட்டதையும் தெரிந்தெடுங்கள். எமது ஊரின் மணிக்கூட்டுக் கோபுரம் 1900 இல் கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு. 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்தது. அதன் அருகே நடந்த நாள்களைப் பற்றி வீட்டிலுள்ள முதியவரிடம் கேளுங்கள். ஒரு பேச்சுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, அமைப்பு. தொடக்கம், மூன்று கருத்துகள், முடிவு என வகுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள கோபுரம், அங்குள்ள கோபுரம், முதியவர் சொன்ன கதை என்பன மூன்று கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை மட்டும் சிறு அட்டையில் தமிழில் எழுதுங்கள். முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் மாத்திரம் மனனம் செய்யுங்கள். இடையில் ஒரு சொல் தவறினாலும் கருத்து கைகொடுக்கும்.

மூன்றாவது, பயிற்சி. மணிக்கூட்டைப் பார்த்து நின்றபடி உரக்கப் பேசிப் பழகுங்கள். ல, ழ, ள வேறுபாட்டைக் கவனியுங்கள்.

நான்காவது, மேடை. நெஞ்சு படபடப்பது இயல்பு. அட்ரினலின் சுரப்பதால் நிகழ்வது அது. ஒருமுறை ஆழ மூச்செடுத்து, சபையை நோக்கிய பின் தொடங்குங்கள். ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிவைக்க வேண்டாம். மறந்தால் சற்று நிறுத்தி அட்டையைப் பாருங்கள், அது இழுக்கன்று.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையிடம் கேள்வி கேளுங்கள். அது தடுமாறிச் சொல்லும் விடைகளையே திருத்திக் கோத்துக் கொடுங்கள். பரிசு கிடையாமற் போகலாம். ஆனால் பிறர் எழுதிய ஐம்பது வாக்கியங்கள் விழா முடிந்ததும் மறந்துபோகும். தானே சொன்ன ஐந்து வாக்கியங்கள் பிள்ளையோடு வீட்டுக்கு வரும். தமிழில் தன் மனத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளையே நாளை இம்மொழியைத் தன் மொழி என்று கொள்ளும்.