அட்டைச் சுவரும் கம்ப்யூட்டர் மாயமும்

லண்டன் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரை நம் வீட்டுப் பிள்ளைகள் சிலராவது பார்த்திருப்பார்கள். காலத்தில் முன்னும் பின்னும் போய்வரத் தெரிந்த ஒரு வேற்றுலக மனிதர்தான் கதாநாயகர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, 'டாக்டர்' என்றே அழைக்கிறார்கள். 1963 முதல் 1989 வரை ஓடி நின்ற தொடர் இது. நடுவில் 1996-ல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்ததோடு சரி. தொடராக 2005-ல்தான் மறுபடியும் தொடங்கினார்கள்.

"பழையது அட்டைப்பெட்டி, புதியது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். வேறென்ன வித்தியாசம் தாத்தா?" என்றான் என் பேரன். அவன் தயவில் இரண்டையும் குறுந்தகட்டில் பார்த்தேன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பாலங்களோடு பழகியவன் நான். அந்தக் கண்ணுக்கு வித்தியாசம் வேறோர் இடத்தில் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் பழைய தொடர். 1963 நவம்பர் 23-ஆம் தேதி முதல் பகுதி ஒளிபரப்பாயிற்று. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள் அது. எனவே அடுத்த வாரம் அதே பகுதியை மீண்டும் ஒருமுறை போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதிக்குப் போனார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்மணிக்கு அப்போது வயது 27. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர், வயது 24. சிறிய ஸ்டூடியோ, குறைந்த பணம். டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால் மேடை நாடகம் போல் ஒரே மூச்சில் நடித்து முடிக்க வேண்டும். நடிகர் வசனத்தில் தடுமாறினால் அதுவும் அப்படியே ஒளிபரப்பாகும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கோ கூடம் உண்மையிலேயே கோணல். இருந்தும் ஆடிக் காட்டினார்கள். டாக்டரின் வாகனமான 'டார்டிஸ்' போகுமிடத்துக்குத் தக்கபடி உருமாற வேண்டும் என்பது கற்பனை. வாராவாரம் புது உருவம் செய்யக் காசு ஏது? லண்டன் தெருவோரங்களில் அந்நாளில் நின்ற நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டியைப் போல ஒன்று செய்தார்கள். உருமாறும் கருவி பழுதாகிவிட்டது என்று கதையில் ஒரு வரி சேர்த்தார்கள். பிரச்சினை தீர்ந்தது! அந்தப் பெட்டி கிளம்பும்போது எழும் கரகர ஓசை, பியானோவின் கனத்த தந்தி மீது வீட்டுச் சாவியைத் தேய்த்து எடுத்தது. முகப்பு இசைக்கு மெட்டமைத்தவர் ரான் கிரெய்னர். அதை டீலியா டெர்பிஷயர் என்ற அம்மையார் வெவ்வேறு ஒலிகளைப் பதிந்து, டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார்.

டாக்டரின் பரம எதிரிகளான 'டேலெக்'குகளின் ஒரு கை, தொட்டி அடைத்துக்கொண்டால் அழுத்தி எடுப்போமே, அந்த ரப்பர் கிண்ணம். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து காலால் தள்ளிக்கொண்டு போவார். 1975-ல் வந்த ஒரு கதையில், கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி அனுப்பும் குமிழ் பிளாஸ்டிக்குக்குப் பச்சைச் சாயம் அடித்து ஒரு மனிதனின் கையைப் பூச்சிக் கையாக்கினார்கள். இன்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் 1966-ல் செய்ததைப் பார்த்துச் சிரிக்க முடியாது. கதாநாயகராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை கெட்டது. தொடரை நிறுத்தாமல், டாக்டர் உடல் தளர்ந்தால் புது உருவம் எடுப்பவர் என்று கதையை அமைத்து, பேட்ரிக் ட்ரவுட்டன் என்ற வேறொரு நடிகரைக் கொண்டு வந்தார்கள். தொடர் இத்தனை காலம் நீடித்ததற்கு அந்த ஒரு யோசனையே ஆணிவேர்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடப் பகுதிகள் ஆறு, ஏழு என்று கதை இழுபடும். பிடிபடுவதும் தப்புவதுமாகவே பாதி நேரம் போய்விடும். ஒளிபரப்பிய டேப்புகளில் பலவற்றை பி.பி.சி.யே அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்திக்கொண்டது. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் வந்த பிறகு அட்டைச் சுவர்கள் மேலும் பரிதாபமாகத் தெரிந்தன. 1989-ல் தொடர் நின்றுபோனது.

இனி புதியது. பழைய ரயில் பாலத்தைப் புதுப்பிக்கும்போது நாங்கள் முதலில் தூண்களைச் சோதிப்போம். அவை உறுதியாக இருந்தால் வைத்துக்கொண்டு மேலேயுள்ள கர்டர்களை மட்டும் மாற்றுவோம். 2005-ல் ரஸ்ஸல் டி. டேவிஸ் செய்தது அதுதான். நீலப் பெட்டி, சாவி உரசிய அதே ஓசை, ரப்பர் கிண்ணக் கை, உருமாறும் கதாநாயகர் ஆகிய தூண்களைத் தொடவில்லை. பெரும்பாலும் பணமில்லாமையால் பிறந்தவைதான் அவை! மாற்றியது கர்டர்களை: பெரும்பாலும் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடியும் கதைகள், கம்ப்யூட்டர் காட்சிகள், விறுவிறுப்பான ஓட்டம்.

பணம் வந்ததால்தான் புதியது சிறந்ததா என்றால், இல்லை. புதிய வரிசையில் பலரும் பாராட்டும் இரு பகுதிகளைப் பாருங்கள். 2007-ல் வந்த 'பிளிங்க்' கதையில் பயமுறுத்துவது கற்சிலைகள். நாம் கண் இமைக்கும் நேரத்தில் மட்டும் அவை நகரும். 2008-ல் வந்த 'மிட்நைட்' பெரும்பாலும் ஒரே வண்டிக்குள் மாட்டிக்கொண்ட பயணிகளின் கதை. பூதத்தைக் கடைசிவரை காட்டுவதே இல்லை. இரண்டும் 1963-ல் கூட எடுத்திருக்கக்கூடியவை.

உண்மையான வித்தியாசம் வீடு. பழைய தொடரின் முதல் கதையில் இரண்டு பள்ளி ஆசிரியர்கள் டாக்டரோடு போய், 1965-ல் லண்டன் திரும்புகிறார்கள். இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. துள்ளிக் குதித்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டார் என்ன பாடுபட்டார்கள் என்ற பேச்சே இல்லை. புதிய தொடரில் ரோஸ் என்ற பெண், பன்னிரண்டு மணி நேரம்தான் ஆயிற்று என்று நினைத்து வீட்டுக்குள் நுழைகிறாள். உண்மையில் பன்னிரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. தாயார் மகளைக் காணவில்லை என்று சுவரொட்டி ஒட்டித் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். 1976-ல் டாக்டர் பாதியில் இறக்கிவிட்டுப் போன சாரா ஜேன் 2006-ல் திரும்ப வருகிறாள், அதே நடிகை எலிசபெத் ஸ்லேடனே நடிக்க. ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று அவள் கேட்கும்போது டாக்டரிடம் சரியான பதில் இல்லை.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போகிறவனுக்குப் புது ஊர், புது பாஷை, புது வேலை என்று நாள் பறந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து தபால்காரரை எதிர்பார்த்தவர்களுக்கு அதே நாள் எவ்வளவு நீளம்! பயணம் போகிறவனின் கதையை மட்டும் சொல்லி வந்த தொடர், காத்திருப்பவளின் கதையையும் சேர்த்துச் சொன்னபோதுதான் முழுமை பெற்றது. அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

பிள்ளைகளோடு பார்க்க விரும்புவோர் 1963-ன் முதல் பகுதியையும் 2005-ன் முதல் பகுதியையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அட்டைச் சுவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தச் சாவி ஓசை இரண்டாவதிலும் கேட்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுங்கள்.