இளவேனிற் கடலில் அலைச்சறுக்கு: எந்த உடை உடலுக்கு ஏற்றது?

மாசி மகத் தீர்த்தவாரி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால், எங்கள் தோல் நோய்ப் புறநோயாளர் பிரிவில் கேட்கப்படும் கேள்விகள் மாறத் தொடங்கும். தேர்வு முடிந்த மாணவர்கள் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கும், சிதம்பரத்தை அடுத்த சாமியார்பேட்டைக்கும் செல்வது வழக்கம். அண்மைக் காலமாகப் புதுச்சேரிப் பக்கமுள்ள தந்திராயன்குப்பம், கோவளம், மாமல்லபுரம் ஆகிய இடங்களுக்குச் சென்று அலைச்சறுக்குப் பயில்வோரும் பெருகியுள்ளனர். மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்ற பின்னர் இந்த ஆர்வம் நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடமும் நன்றாகவே தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில் கல்லூரி மாணவி ஒருவர் தம் தாயாருடன் வந்தார். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவருக்கு லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் இருந்தது. சிகிச்சையால் ஓராண்டுக்கும் மேலாக அது அடங்கியிருந்தது. தோழியர் அலைச்சறுக்குப் பயிலச் செல்லவிருந்தனர். தாமும் செல்ல விரும்பினார். "வெயிலே படக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள், இவள் கடலுக்குப் போகிறேன் என்கிறாள், டாக்டர்" என்று தாயார் வருந்தினார். மகளோ பையிலிருந்து கறுப்பு நிற ரப்பர் உடை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிவிடும். இதைப் போட்டுக்கொண்டால் வெயில் எப்படிப் படும்?" என்பது அவர் கேள்வி.

இருவர் கூற்றிலும் பாதி உண்மை இருந்தது. உடலை மூட வேண்டும் என்று மகள் எண்ணியது சரி. ஆனால் அவர் வாங்கியிருந்த உடை நம் கடலுக்கும் நம் இளவேனிலுக்கும் உரியதன்று. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெட்சூட் எதற்காக உருவாயிற்று?

அந்தக் கறுப்பு உடைக்கு வெட்சூட் என்று பெயர். 1952-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்னும் இயற்பியலாளர் இதன் அடிப்படைக் கருத்தை வகுத்தார். நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரை நுரையாக்கி, அதனுள் எண்ணற்ற நுண்ணிய வாயுக் குமிழ்களை அடைத்துத் தகடாக்குகின்றனர். வாயு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கப்படுகிறது. உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் சிறிதளவு நீரும் உடற்சூட்டால் வெதுவெதுப்பாகிவிடும்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் 15 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென இறங்குவோருக்கு மூச்சுத் திணறலும் நடுக்கமும் உண்டாகின்றன. அத்தகைய கடல்களில் வெட்சூட் உயிர்காக்கும் உடை.

நம் வங்கக் கடலின் நிலை வேறு. பங்குனி, சித்திரை மாதங்களில் கடலூர்க் கரையோர நீர் ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரிவரை வெதுவெதுப்பாக இருக்கும். இந்நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் பயிற்சி செய்யும் ஒருவருக்குக் குளிர்காப்பு தேவையில்லை. மாறாக, வெப்பம் வெளியேற வழிவேண்டும். கரையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் வேளையில் தடித்த ரப்பர் உடையணிந்து நின்றால் வியர்வை ஆவியாகாது, உடற்சூடு ஏறும், தலைவலி, வாந்தி, மயக்கம் தோன்றும். இதய நோயாளிகளுக்கும், நீர்ப்போக்கு மாத்திரை உட்கொள்வோருக்கும் இது மேலும் ஆபத்தானது.

நம் கடலில் எதிலிருந்து பாதுகாப்பு?

முதலாவது, கதிரவன். ஏப்ரல் 20-ஆம் நாளை ஒட்டி நண்பகலில் கதிரவன் கடலூர், சிதம்பரம் பகுதிகளுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற ஊதாக் கதிர்க் குறியீட்டில் 11-உம் அதற்கு மேலும் ‘மிகக் கடுமை’ எனப்படும்; இப்பருவத்து நண்பகலில் நம் பகுதி அந்த அளவை எட்டக்கூடியது. தண்ணீருக்குள் இருந்தால் வெயில் படாது என்பதும் தவறு. அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஊடுருவுகிறது. அலை நுரையும் மணலும் அக்கதிர்களைத் திருப்பி நம்மீது வீசுகின்றன. பலகைமீது குப்புறப் படுத்துத் துடுப்பிடுவோருக்குப் பிடரி, முதுகு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களே முதலில் கன்றிப்போகும்.

இரண்டாவது, உராய்வு. பலகையின் மேற்பரப்பில் மெழுகு பூசியிருப்பார்கள். உப்பு நீரும் மணலும் மெழுகும் சேர்ந்து மார்பையும் வயிற்றையும் அக்குளையும் தேய்த்துப் புண்ணாக்கும்.

மூன்றாவது, நம் மீனவர்கள் ‘சொறி’ என்றழைக்கும் சொறிமீன்கள். இவற்றின் இழைகள் வெறும் தோலில் பட்டால் சாட்டையடி போன்ற தடிப்பு எழும்.

இம்மூன்றுக்கும் ஏற்றது மெல்லிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை வரும் இறுக்கமான கால்சட்டையும். கடைகளில் இதனை ‘ரேஷ் கார்டு’ என்று கேட்டால் தருவார்கள். பாலியெஸ்டர் அல்லது நைலானுடன் லைக்ரா கலந்து நெய்யப்பட்டது. நனைந்தாலும் கனக்காது, விரைவில் உலரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

• யு.பி.எஃப். 50+ என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அத்துணி புற ஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாது என்பது அதன் பொருள். சாதாரண வெள்ளைப் பருத்திச் சட்டையின் காப்பு ஏறத்தாழ 7 மட்டுமே. நனைந்தால் 3 அளவுக்குக் குறைந்துவிடும். பருத்திச் சட்டையுடன் கடலில் இறங்கிவிட்டு, "உடல் மூடித்தானே இருந்தது" என்று தோல் கன்றி வருவோரை நாங்கள் காண்கிறோம்.

• அணிந்து பார்த்து இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குங்கள்; குந்தி எழுங்கள்; ஆழ மூச்சிழுங்கள். இடுப்பு வெளியே தெரிந்தாலோ, மூச்சு முட்டினாலோ அளவு பொருந்தவில்லை. கழுத்துப் பட்டை பிடரியை மூட வேண்டும். அதே வேளையில் இறுக்கக் கூடாது.

• தையல் தட்டையாக இருக்கட்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் புடைத்த தையல் இருந்தால் அங்கேயே முதற்புண் தோன்றும்.

• ஆரஞ்சு, அடர் மஞ்சள் போன்ற பளிச்சிடும் நிறம் கடலில் தொலைவிலிருந்தும் தெரியும். நீலமும் சாம்பலும் அலையோடு கலந்து மறைந்துவிடும். கரையில் காத்திருக்கும் பெற்றோருக்கு இது சிறு செய்தியன்று.

• நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் கிளிஞ்சல் குத்தினாலும் உணரமாட்டார்கள். அவர்கள் அடிப்புறம் தடித்த கடற்காலணி இன்றி இறங்கலாகாது. வெளியே வந்ததும் உடனிருப்போர் அவர்களின் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

இரவல் உடையும் படர்தாமரையும்

பயிற்சியிடங்களில் ஒருவர் கழற்றிய உடையை மற்றொருவர் ஈரத்துடன் அணிவதுண்டு. படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை இறுக்கமான ஈர உடையில் செழித்து வளரும். தமிழகத்தில் எளிதில் குணமாகாத படர்தாமரை இன்று பெருகியுள்ளது. எனவே சொந்த உடையையே அணியுங்கள். கடலிலிருந்து வந்தவுடன் கழற்றி, நன்னீரில் குளித்து, இடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். உடையைச் சோப்பு நீரில் அலசி உலர்த்திய பின்னரே மறுமுறை அணிய வேண்டும்.

உடைக்குள் முள் குத்துவதுபோன்ற சுரீர் உணர்வு இருந்தால், நுண்ணிய சொறிமீன் குஞ்சுகள் துணிக்கும் தோலுக்கும் இடையே சிக்கியிருக்கலாம். அப்போது தேய்க்காதீர்கள். உடையணிந்தபடியே நன்னீரில் குளித்தால் அவற்றின் கொட்டும் செல்கள் வெடித்து நஞ்சு மேலும் பரவும். முதலில் உடையைக் கழற்றிவிட்டுப் பிறகே குளிக்க வேண்டும்.

ரப்பர் உடை அணிந்த ஓரிரு நாளில் அவ்வுடை பட்ட இடங்களில் மட்டும் அரிப்பும் கொப்புளமும் தோன்றினால், அது ஒவ்வாமையாக இருக்கலாம். நியோப்ரீன் தயாரிப்பில் சேர்க்கப்படும் தையோயூரியா வகை வேதிப்பொருள்கள் இதற்கு அறியப்பட்ட காரணம். முதுகில் ஒட்டுச் சோதனை செய்து இதனை உறுதி செய்யலாம்.

எதுவாயினும், மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். அவ்வாறு தரப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருக்கிறது. சில நாள் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளூரப் பரவும். தோல் மெலிந்து கோடுகள் விழும். சில வாரங்களில் தீர வேண்டிய நோய் பல மாதம் நீள்வதற்கு இதுவே பெருங்காரணம்.

வெயில் விடயத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

லூபஸ் நோயாளிகள், வெண்புள்ளி உள்ளவர்கள், முகப்பரு முதலியவற்றுக்காக டாக்சிசைக்ளின் உட்கொள்வோர், இரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதயாசைடு உட்கொள்வோர் ஆகியோரின் தோல் எளிதில் கன்றும். எலிக்காய்ச்சலைத் தடுக்கவும் டாக்சிசைக்ளின் தரப்படுவதுண்டு என்பதை நினைவிற்கொள்க. மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். கடலுக்குச் செல்லும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு நோயாளிகள் மருத்துவரின் ஒப்புதலின்றி நீரில் இறங்கவே கூடாது.

வெட்சூட் யாருக்குத் தேவை?

அம்மாணவியின் தாயார் என்னிடம், "அப்படியானால் இந்த உடை யாருக்குத்தான்?" என்று கேட்டார். அவருடைய மூத்த மகன் இங்கிலாந்தில் பயில்கிறார். நம் மாவட்டத்தில் இத்தகைய குடும்பங்கள் பல உள்ளமையால் இதனையும் கூறுகிறேன். உடையின்மீது 3/2 என்றிருந்தால் மார்பும் முதுகும் 3 மில்லிமீட்டர், கைகால்கள் 2 மில்லிமீட்டர் தடிமன் என்று பொருள். நீரின் வெப்பம் 24 டிகிரிக்கு மேலிருந்தால் மெல்லிய சட்டையே போதும். 17 முதல் 20 டிகிரிக்கு 3/2. 14 முதல் 17 டிகிரிக்கு 4/3. அதற்கும் குறைந்தால் 5/4 உடையுடன் கையுறை, காலுறை, தலைமூடி என்பது பொதுவான அளவுகோல். இளவேனிலில் சிட்னிக் கடல் 18 டிகிரியை ஒட்டியிருக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலோ ஏப்ரலில் 10 டிகிரி அளவே இருக்கும். அங்கே கரையில் வெயில் அடித்தாலும் கடல் குளிர்காலத்திலேயே இருக்கிறது. ஆகவே மாதத்தைப் பார்த்தன்று, நீரின் வெப்பத்தைப் பார்த்தே உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடை தளர்ந்திருந்தால் குளிர்ந்த நீர் ஓயாது உட்புகும். முதுகின் கீழ்ப்பகுதியில் அது தோலோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

உடை செய்யாதது

எந்த உடையும் அலையிலிருந்து காப்பதில்லை. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கோடையில் தொலைகடலில் எழும் பேரலைகள் முன்னறிகுறியின்றி நம் கரையைத் தாக்கக்கூடும். இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் எச்சரிக்கையை அன்று காலையிலேயே பாருங்கள். பயிற்சியாளர் இன்றி இறங்காதீர்கள்.

அம்மாணவிக்கு நான் எழுதித் தந்தவை இவை: மூட்டு நோய் மருத்துவரின் ஒப்புதல், யு.பி.எஃப். 50+ முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும்; முகத்திற்கும் கைகளுக்கும் நீரில் கரையாத, எஸ்.பி.எஃப். 50 அளவுள்ள சன்ஸ்கிரீன், இரண்டு மணிக்கொருமுறை. காலை எட்டு மணிக்குள் கரையேறுதல். மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ளுதல். புதிதாகத் தடிப்போ மூட்டு வலியோ காய்ச்சலோ தோன்றினால் அன்றே தெரிவித்தல்.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு அவர் வந்தபோது தோலில் புதிய தடிப்பு ஏதும் இல்லை. இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் சீராக இருந்தன. "விடியற்காலையிலேயே கூட்டிப்போய், குடை பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்" என்றார் தாயார். நீண்டகால நோயுடன் வாழ்வோரிடம் ‘கூடாது’ என்று சொல்வது எளிது. எப்போது, எப்படி, எதை அணிந்து என்று கேட்டறிந்தால், அவர்களுக்கும் கடலில் இடமுண்டு. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அக்கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.