வீட்டுக் கூரையில் டிஷ் ஆண்டெனா: திசையமைக்கும் முறை

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும் வசதி பெற்ற குடும்பங்கள் அனைத்திற்கும் மாதந்தோறும் சந்தா செலுத்தும் வசதி இருப்பதில்லை. கம்பிவடம் எட்டாத மலைச் சிற்றூர்களுக்கும், ஒதுக்குப்புறமான குடியிருப்புகளுக்கும் சந்தா செலுத்த விரும்பினாலும் வழியில்லை. இத்தகைய வீடுகளுக்குத் தூர்தர்ஷனின் ‘டி.டி. ஃப்ரீ டிஷ்’ சேவை பெரும் துணையாக விளங்குகிறது. டிஷ் ஆண்டெனா, அதன் முனையில் பொருத்தப்படும் எல்.என்.பி. கருவி, கம்பி, செட்டாப் பெட்டி ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் போதும். அதன்பின் கட்டணம் ஏதுமில்லை.

ஆனால், இந்த ஆண்டெனா சரியான திசையை நோக்கி இருக்கும்வரைதான் பயன் தரும். காற்றிலோ, குரங்கு தாவியதாலோ அது சிறிது திரும்பிவிட்டால், படம் முற்றிலும் மறைந்துவிடும். நகரத்திலிருந்து பணியாளர் வந்து சரி செய்வதற்குள் பல நாட்கள் கழிந்துவிடுகின்றன; கூலித் தொழிலாளியின் வீட்டிற்கு அச்செலவும் ஒரு சுமையே. 2020ஆம் ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற முறையில் 12 கல்வி அலைவரிசைகள் ‘பி.எம். இ-வித்யா’ திட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டன. அந்நாட்களில் இணைய வசதியற்ற வீடுகளின் மாணவர்களுக்கு ஆண்டெனா திரும்பிவிடுதல் பாடம் நின்றுபோதலுக்கு ஒப்பாயிற்று. ஆகவே, திசையமைக்கும் முறையை வீட்டினரே அறிந்திருப்பது நன்று. இதற்குப் பொறியியல் கல்வி தேவையில்லை. பொறுமையும் சில எளிய கருவிகளும் போதும்.

கோழிவலை ஆண்டெனா முதல்

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஓராண்டுக் காலம் ‘சைட்’ எனப்பட்ட செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நம் நாட்டில் நடைபெற்றது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் ஒலி, ஒளி அலைகளை அனுப்பியது. கிராமத்தின் பொது இடத்தில் நிறுவப்பட்ட ஆண்டெனா 3 மீட்டர் குறுக்களவு கொண்டது. அதன் பரப்பு கோழிக்கூட்டிற்குப் பயன்படும் கம்பிவலையால் ஆனது. ஊர் முழுவதற்கும் ஒரே பெட்டி. அதனைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் பயிற்சி பெற்ற பணியாளரின் வேலையாக இருந்தன.

1983 ஆகஸ்டு 30 அன்று செலுத்தப்பட்ட இன்சாட்-1பி, நாடு தழுவிய தொலைக்காட்சி ஒளிபரப்பிற்கு வழி வகுத்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் வீடுகளுக்கு நேரடி ஒளிபரப்பைத் தொடங்கியது. அது பயன்படுத்தும் ‘கேயூ’ அலைவரிசையில் அலைநீளம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டரே ஆதலால், 60 முதல் 90 சென்டிமீட்டர் வரை குறுக்களவுள்ள சிறு தட்டே போதுமானதாயிற்று. ஊர்ப் பொதுவில் இருந்த ஆண்டெனா இவ்வாறு தனி வீட்டின் கூரைக்கு வந்தது. அதனைப் பராமரிக்கும் பொறுப்பும் உடன் வந்தது.

நிலையாக நிற்கும் கோள்

நிலநடுக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆகவே, தரையிலிருந்து நோக்குவோர்க்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றும். ஆண்டெனாவை ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் மீண்டும் திருப்பத் தேவையில்லாததற்கு இதுவே காரணம்.

ஃப்ரீ டிஷ் அலைவரிசைகளை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏரியன்-5 ராக்கெட் மூலம் செலுத்தப்பட்டது. அதன் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. இந்தியாவின் பெரும்பகுதி இத்தீர்க்கரேகைக்கு மேற்கே அமைந்திருப்பதால், பெரும்பாலான ஊர்களிலிருந்து கோள் தென்கிழக்குத் திசையில் தென்படும். அசாமின் திப்ருகர் போன்ற கிழக்குக் கோடி ஊர்களில் மட்டும் அது தெற்கிலிருந்து சற்று மேற்காக அமைகிறது.

இரு கோணங்கள்

வானில் ஓர் இடத்தைக் குறிக்க இரு கோணங்கள் வேண்டும். வடக்கைச் சுழியாகக் கொண்டு, கிழக்கு வழியாக அளப்பது திசைக் கோணம். கிழக்கு 90 பாகை, தெற்கு 180 பாகை. தொடுவானத்திலிருந்து மேல்நோக்கி அளப்பது ஏற்றக் கோணம். 93.5 பாகைக் கோளுக்குச் சில நகரங்களின் கோணங்கள் ஏறத்தாழப் பின்வருமாறு:

ஸ்ரீநகர் – திசை 149, ஏற்றம் 46
டில்லி – திசை 149, ஏற்றம் 52
போபால் – திசை 144, ஏற்றம் 57
மும்பை – திசை 131, ஏற்றம் 57
கல்கத்தா – திசை 167, ஏற்றம் 63
குவஹாத்தி – திசை 176, ஏற்றம் 59
சென்னை – திசை 134, ஏற்றம் 68
கன்னியாகுமரி – திசை 116, ஏற்றம் 69

தெற்கே செல்லச் செல்லக் கோள் வானில் உயர்ந்து நிற்பதையும், மேற்கே செல்லச் செல்லத் திசை கிழக்கு நோக்கிச் சாய்வதையும் இதிலிருந்து காணலாம். இடைப்பட்ட ஊர்களில் வாழ்வோர் அருகிலுள்ள நகரின் கோணத்தைத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

வீட்டு ஆண்டெனாவைப் பார்ப்போர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கோள் 52 பாகை உயரத்தில் இருக்க, டில்லியில் தட்டு ஏன் அவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது? இத்தட்டு ஒரு பெரிய குழிப்பரப்பின் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாற்போன்ற வடிவம் உடையது. எல்.என்.பி. நடுவில் நின்று அலைகளை மறைக்காமல் கீழே தள்ளி அமையவே இந்த ஏற்பாடு. இதன் விளைவாகத் தட்டின் முகம் காட்டும் கோணம், உண்மை ஏற்றக் கோணத்தைவிட 20 பாகைக்கும் மேலாகக் குறைந்து தோன்றும். தட்டின் பின்புறப் பிடிப்பில் பொறிக்கப்பட்டுள்ள அளவுகோல் பொதுவாக இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே, கண் மதிப்பை நம்பாமல் அளவுகோலை நம்புவதே முறையாகும்.

இடமும் கம்பமும்

தென்கிழக்கில் மரமோ, கட்டடமோ, தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடம் முதல் தேவை. இலைகள்கூட இவ்வலைகளைத் தடுத்துவிடும். இன்று இடைவெளியாக உள்ள கிளை அடுத்த மழைக்காலத்தில் தழைத்துவிடும் என்பதையும் கருத வேண்டும். மறைப்பு உண்டா என்பதை அறியச் சூரியனே உதவுகிறது. மார்ச் மாத முற்பகுதியிலும், அக்டோபர் மாத முற்பகுதியிலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியை ஒட்டிச் சூரியன் இக்கோளின் பின்னால் கடந்து செல்கிறது. அவ்வேளையில் ஓரிடத்தில் வெயில் தடையின்றி விழுமாயின், கோளின் அலைகளும் அங்கே தடையின்றி விழும். அந்நாட்களில் சில நிமிடங்கள் படம் கலைவதும் சூரியனின் குறுக்கீட்டால்தான். ஆண்டெனாவைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது கம்பம். இது நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக் குண்டையோ, ரசமட்டத்தையோ கொண்டு இரு பக்கங்களிலும் சரிபார்க்க வேண்டும். கம்பம் சாய்ந்திருப்பின் அளவுகோல் பொய் சொல்லும். தட்டைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஏற்றக் கோணமும் கூடவே மாறிவிடும். தொடக்கநிலையாளர் பலர் மணிக்கணக்கில் தேடியும் கோளைக் காணாமற்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுவரில் போல்ட்டுகள் அசைவின்றி இறுகியிருப்பதும் இன்றியமையாதது.

உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அருகில் கம்பம் நடுவது உயிருக்கே ஆபத்தாகும். ஓட்டுக் கூரையின் விளிம்பில் தனியாக ஏறுவதையும், மழை, இடி வேளைகளில் பணி செய்வதையும் தவிர்க்க வேண்டும். உலோகக் கம்பத்தைத் தரையோடு இணைப்பது நலம்.

தேடும் முறை

செட்டாப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பியை இணைக்க வேண்டும். இக்கம்பியின் வழியே பெட்டியிலிருந்து எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் செல்கிறது. நடுக்கம்பி மேலுறை இழையைத் தொட்டால் கருவி பழுதாகலாம். இணைத்தபின் பெட்டியின் அமைப்புப் பட்டியலில் உரிய கோளையும், எல்.என்.பி. வகையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவகை எல்.என்.பி.க்குரிய எண்கள் 9,750, 10,600 மெகாஹெர்ட்ஸ் என்பனவாகும்.

திரையில் இரு கோடுகள் தோன்றும். ஒன்று அலையின் வலிமை, மற்றொன்று தரம். வலிமைக் கோடு எல்.என்.பி. இயங்குகிறது, கம்பி சரியாக உள்ளது என்பதை மட்டுமே பெரும்பாலும் காட்டும். வெறும் வானை நோக்கினாலும் அது உயர்ந்து நிற்கக்கூடும். உரிய கோளின் அலையைப் பெட்டி இனங்கண்டதைத் தெரிவிப்பது தரக் கோடே. ஆகவே, தேடும்போது கண் தரக் கோட்டின் மீதே இருக்க வேண்டும்.

ஏற்றக் கோணத்தை அளவுகோலில் வைத்து லேசாக இறுக்கிய பின், திசைகாட்டியின் உதவியால் தட்டைத் தோராயமான திசைக்குத் திருப்பலாம். இரும்புக் கம்பத்தின் அருகில் திசைகாட்டி தடுமாறும்; சில அடிகள் தள்ளி நின்று, தொலைவிலுள்ள மரத்தையோ கோபுரத்தையோ அடையாளமாகக் கொள்வது நல்லது. பின்னர் அத்திசைக்கு இருபுறமும் 15 பாகை அளவில் தட்டை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். 60 சென்டிமீட்டர் தட்டின் விளிம்பு 5 மில்லிமீட்டர் நகர்ந்தாலே கோணம் 1 பாகை மாறிவிடுகிறது; கோளின் தொலைவில் அந்த 1 பாகை 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விலகலாகும். பெட்டி அலையை இனங்காணச் சில விநாடிகள் ஆகுமாதலால், ஒவ்வொரு சிறு நகர்வுக்குப் பின்னும் சற்று நிற்க வேண்டும். தரம் தென்படாவிடில், ஏற்றத்தை 2 பாகை கூட்டியோ குறைத்தோ மீண்டும் தேட வேண்டும். ஒருவர் கூரையிலும் ஒருவர் திரையின் முன்னும் நின்றால் பணி எளிதாகும்.

சில வேளைகளில் தரம் கிடைத்தும் எதிர்பார்த்த அலைவரிசைகள் வாரா. அண்டைக் கோளொன்றைத் தட்டு பிடித்துவிட்டது என்பதே இதன் பொருள். ஓரிரு பாகை இடைவெளியிலேயே வேறு கோள்களும் உள்ளன. அலைவரிசைப் பட்டியலைச் சரிபார்த்த பின்னரே திருப்தியடைய வேண்டும்.

நுண்சீரமைப்பு

படம் வந்தவுடன் பணி முடிந்துவிட்டதாகக் கருதுவது தவறு. கேயூ அலைகளைப் பெருமழை வலுவிழக்கச் செய்யும். தெளிந்த வானில் மட்டுமட்டாகக் கிடைக்கும் தரம், மழையில் அறவே அற்றுவிடும். புயல், வெள்ளச் செய்திகள் மிகத் தேவைப்படும் வேளை அதுவே. ஆகவே, உச்ச அளவை எட்டும்வரை சீரமைக்க வேண்டும். தரம் குறையத் தொடங்கும் இடம்வரை தட்டை இடப்பக்கம் நகர்த்திக் கம்பத்தில் ஒரு கோடிட்டு, வலப்பக்கமும் அவ்வாறே செய்து, இரு கோடுகளுக்கும் நடுவே நிறுத்துவது சிறந்த முறை. ஏற்றத்திற்கும் இதுவே பொருந்தும். பின்னர் எல்.என்.பி.யைத் தன் பிடிப்பிற்குள் சிறிது சிறிதாகச் சுழற்றி, நெடுவாட்டு அலைகளும் கிடைவாட்டு அலைகளும் நன்கு பிரியும் நிலையில் நிறுத்த வேண்டும். இந்நிலை ஊருக்கு ஊர் மாறுபடும்.

இறுதியாக, நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் மாறி மாறி இறுக்க வேண்டும். இல்லையேல் இறுக்கும் விசையே தட்டைத் திருப்பிவிடும். கம்பி எல்.என்.பி.யில் சேருமிடத்தில் நீர் புகாதபடி நாடா சுற்றி, கம்பியைச் சற்றே கீழ்நோக்கி வளைத்து விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்திலும் பிடிப்பிலும் ஒட்டி அழியாத மையால் ஒரு கோடு இட்டு வைப்பது மிகப் பயனுள்ளது. அடுத்த முறை காற்று தட்டைத் திருப்பும்போது, இரு கோடுகளையும் மீண்டும் பொருத்தினாலே கோள் ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

ஒரு கிராமத்தில் இருவர் இம்முறையைக் கற்றுக்கொண்டால், ஊரார் பணியாளரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஸ்பானர், ஒரு திசைகாட்டி, ஒரு தூக்குக் குண்டு ஆகியவற்றை ஊராட்சி நூலகத்திலோ, பள்ளியிலோ பொதுவில் வைத்திருக்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கோணம், தீர்க்கரேகை, அலைநீளம் ஆகிய பாடங்களை விளக்கவும் பள்ளிக் கூரையிலுள்ள ஆண்டெனாவே தக்க கருவியாகும்.