துருவத்தின் வாசலில்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடியானவர்களிடம் வானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐப்பசியில் வரவேண்டிய மழை கார்த்திகைக்குத் தள்ளிப் போனதையும், பின்பு ஒரே இரவில் கொட்டித் தீர்த்து ஏரிக்கரையை உடைக்கப் பார்த்ததையும் சொல்லிவிட்டு, மதகையும் கலங்கலையும் செம்மையாக வைத்துக்கொள்வதைத் தவிர நம் கையில் என்ன இருக்கிறது என்று முடிப்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் இவ்வூர்ச் சபையார் அறுவர் கொண்ட ஏரி வாரியம் ஒன்றை ஏற்படுத்தி, அதன் நியதிகளைக் கல்லிலே பொறித்து வைத்ததும் இந்த விவேகத்தினால்தான். வடதுருவத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் உயிரோடு வேலை செய்து திரும்புவதும் இதே விவேகத்தினால்தான் என்றால் சிலர் நம்பத் தயங்கலாம்.

நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளில் நி-ஓலெசுண்ட் என்பது ஒரு சிற்றூர். 1962-ல் நேர்ந்த விபத்தில் 21 பேர் மாண்ட பின் அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. பிற்பாடு ஊர் ஆராய்ச்சியாளர்களுடையதாயிற்று. 2007-ல் முதற்குழுவை அனுப்பிய இந்தியா, 2008 ஜூலை 1-ம் தேதி அங்கே 'ஹிமாத்ரி' நிலையத்தைத் திறந்தது. (1920-ம் வருஷத்து ஸ்வால்பார்டு உடன்படிக்கையில், அடிமைப்பட்டிருந்த இந்தியாவின் பெயராலும் கையொப்பம் விழுந்திருந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.)

அத்தகைய பிரதேசத்தில் குளிரைவிடக் காற்று கொடியது. காற்றைவிட வியர்வை கொடியது. சித்திரை வெயிலில் நம்மைக் காக்கும் பருத்தித் துணி அங்கே சத்துருவாகிவிடுகிறது; வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து, நடப்பவன் சற்று நின்ற மாத்திரத்தில் உடம்பின் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஆகையால் மேனியை ஒட்டிக் கம்பளியும், அதன்மேல் சூட்டைத் தேக்கும் உடையும், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத அங்கியுமாக அடுக்கடுக்காக உடுத்து, வேலை தொடங்குமுன் ஒன்றைக் கழற்றுவதும் ஓய்ந்தவுடன் மாட்டுவதுமாக, வியர்க்காத அளவுக்கு நிதானமாகவே எதையும் செய்யவேண்டியிருக்கிறது. பனிக்கரடிக்கு அஞ்சி, துப்பாக்கி சுடப் பழகியவர் துணையின்றி ஒருவரும் ஊரெல்லையைத் தாண்டுவதில்லை. ஓடிவருபவர் எவரும் நுழைந்துகொள்ள ஏதுவாக ஊர் வீடுகளின் கதவுகளைப் பூட்டுவதும் இல்லை. நுட்பமான வானொலி ஆய்வுக் கருவிகளுக்கு இடையூறாகுமென்று கைபேசியின் வைஃபையும் புளூடூத்தும்கூட அங்கே விலக்கு. காலையில் தெளிந்திருந்த வானம் மதியத்துக்குள் பனிமூட்டமாகித் தரையும் ஆகாயமும் ஒன்றாகிவிட்டால், அத்தீவுகளின் முக்கிய ஊரான லாங்யர்பியனிலிருந்து வரவேண்டிய சிறு விமானமும் வராது. மகா பண்டிதரானாலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

மனிதர் நிற்கமுடியாத வேளையிலும் தொடர்ந்து அளக்கும் கருவி ஒன்றை, 2014 ஜூலையில், அவ்வூரை அடுத்த கடற்கழியில் 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நம்மவர் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து அந்த 'இண்டார்க்' கருவித்தொகுதியை உருவாக்கியது நம் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். புயலுக்கும் மிதக்கும் பனிக்கும் எட்டாத ஆழத்தில் வருஷம் முழுவதும் நீரின் வெப்பத்தையும் உப்பையும் குறித்துக்கொண்டிருக்கும் அக்கருவிகளைக் கோடையில் மேலே தூக்கிக் குறிப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள்.

2023 டிசம்பரில், சூரியனே உதிக்காத பருவத்தில், நால்வர் கொண்ட முதல் குளிர்காலக் குழு ஹிமாத்ரிக்குப் புறப்பட்டது. உறைகுளிருக்கு ஆயத்தமாகலாம், நடுக்குளிர்காலத்தில் திடீரென்று பெய்யும் மழைக்கு ஆயத்தமாவது எளிதன்று. 2012 ஜனவரியில் அங்கே அப்படிப் பெய்தது. அத்தகைய மழை பனிமேல் விழுந்து பாளமாக உறைந்துபோக, பாதைகள் கண்ணாடியாக வழுக்கின்றன. அடியிலுள்ள புல்லை எட்டமுடியாமல் மான்கள் பட்டினியால் மடிகின்றன. பூமி சூடேறச் சூடேற இத்தகைய மழையும் மிகுந்துவருகிறது. இன்னும் கிழக்கே, காரா கடலில் கோடைப் பனி சுருங்குவதற்கும் மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதத்துப் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று நம் விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். இத்தனை சிரமமும் செலவும் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு விடை போதும் என்பது என் அபிப்பிராயம்.