வில்லின் விலையும் அளவின் விலையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவிக்குப் போகும் வழியெங்கும் தற்காலிகக் கடைகள் முளைத்துவிடும். நேந்திரங்காய் வற்றலுக்கும் ரம்புட்டான் குவியலுக்கும் நடுவே மூங்கில் வில்லும் அம்பும் தொங்கும். என் பேத்தி ஏழு வயதில் அப்படியொரு வில்லை வாங்கி, அன்று மாலைக்குள் ஒடித்தாள். இப்போது 13 வயது. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில், கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து அம்பெய்து பதக்கம் வென்றதைப் பார்த்த நாள் முதல், உண்மையான வில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் தேடியபோது முதலில் கண்ணில் பட்டவை 'வேட்டை வில்' என்ற பெயரில் விற்கப்படுபவை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது; ஆயுதம் என்பதற்கு அது தரும் வரையறையில் வில்லும் அம்பும் இடம்பெற்றுள்ளன. அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதும் குற்றம். தென்காசிக்கு மேற்கே நெல்லை வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். இன்றைய சட்டத்தின் கண்ணில் அதுவும் வேட்டைதான். ஆகவே, நம் ஊரில் வில் என்பது மைதானத்தில் இலக்குப் பலகையை நோக்கி எய்வதற்கு மட்டுமே.

விலையை ஒப்பிட்டு, மதிப்புரைகளைப் படித்து, தொடக்கநிலையாளர்க்கானது என்றிருந்த ஒரு வில்லை இணையத்தில் வாங்கினேன். நான்கு நாளில் வந்தது. பார்வைக்கு அழகாகவே இருந்தது. இரண்டாம் வாரம் பேத்தி தோள் வலிக்கிறது என்றாள். பழக்கமின்மை என்று நினைத்துத் தொடரச் சொன்னேன். அது என் தவறு. மூன்றாம் வாரம் அவளால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மருத்துவர் ஒரு மாதம் வில்லைத் தொடக் கூடாது என்றார்.

அதன் பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனோம். கடைக்காரர் இளமையில் வில்வித்தைப் போட்டிகளில் கலந்துகொண்டவர். எந்த வில்லையும் எடுத்துக் காட்டாமல், முதலில் பேத்தியைக் கைகளை விரித்து நிற்கச் சொல்லி அளந்தார். 61 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் நாணை அவள் இழுக்கும் நீளம், ஏறத்தாழ 24.5 அங்குலம். வில்லில் எழுதியிருக்கும் இழுவிசை வழக்கமாக 28 அங்குல இழுப்புக்கு உரியது. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும். நாங்கள் வாங்கியது 30 பவுண்டு வில். அவள் கையில் அது சுமார் 23 பவுண்டு. அதுவே புதிதாகப் பழகும் சிறுமிக்கு அதிகம்.

அடுத்து, இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு இடைவெளி விட்டு, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை அதன் வழியே பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலக் கண்ணை மூடியபோது பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. இடக் கண்ணை மூடியதும் மறைந்துவிட்டது. "பாப்பாவுக்கு இடது கண்தான் சார் முந்துது. இடது கையால நாண் இழுக்கிற வில்லுதான் சரியா வரும்" என்றார். அவள் எழுதுவது வலக் கையால். அதனால் நான் வலக்கை வில்லை வாங்கியிருந்தேன்.

பொருளியலில் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பழைய கார் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்பதை அது விளக்கியது. இணைய வணிகம் இந்தச் சிக்கலை மதிப்புரைகளாலும் திருப்பி அனுப்பும் வசதியாலும் ஓரளவு தீர்த்திருக்கிறது. ஆனால், என் வில்லில் குறையே இல்லை. வாங்குபவரைப் பற்றிய தகவல்தான் இல்லாமல் போயிற்று. அதை எந்த மதிப்புரையும் தராது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. எனக்கு வந்ததோ விளம்பரத்தில் சொன்னபடியே இருந்த பொருள். யார் மீது புகார் செய்வது?

இனி, நான் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய பகுதி. கடைக்காரர் பரிந்துரைத்த 18 பவுண்டு இடக்கை வில்லை அங்கேயே நின்று கைப்பேசியில் தேடினேன். இணையத்தில் 1,100 ரூபாய் குறைவு. அளவு தெரிந்துவிட்டது, இனி எங்கே வாங்கினால் என்ன என்று மனம் கணக்குப் போட்டது. கடையின் அறிவை இலவசமாகப் பெற்று, அந்த அறிவுக்குச் செலவிடாத இடத்தில் பொருளை வாங்கும் இந்தப் போக்கை லெஸ்டர் டெல்சர் 1960-லேயே ஆராய்ந்திருக்கிறார். 'ஓசிப் பயணி' என்று வகுப்பில் நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். எல்லோரும் அப்படிச் செய்தால் அளந்து பார்க்கும் கடை மூடப்படும். அதன் பின் இணையத்தில் என்ன அளவு வாங்குவது என்று சொல்ல ஆளிருக்காது.

உள்ளூர்க் கடை என்பதாலேயே ஒரு கடை உயர்ந்ததாகிவிடாது. கிரிக்கெட் மட்டையும் கேரம் பலகையும் விற்கும் கடைக்காரர், அட்டைப்பெட்டியில் வந்த வில்லை அப்படியே எடுத்துக் கொடுத்தால், இணையத்தைவிடக் கூடுதல் விலை தருவதில் பொருளில்லை. அளவு தெரிந்த பின் விரலுறை, மாற்று நாண், இலக்குத் தாள் ஆகியவற்றைத் தாராளமாக இணையத்தில் வாங்கலாம். அம்பை மட்டும் அப்படி வாங்கத் தயங்குவேன். அம்புத் தண்டின் விறைப்பு வில்லின் விசைக்கும் இழுக்கும் நீளத்துக்கும் பொருந்த வேண்டும். அளவுக்கு மீறி மெலிந்த அம்பு எய்யும்போதே முறியக்கூடும். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விட்டால் வில்லே பிளக்கலாம் என்பதையும் அந்தக் கடையில்தான் கேட்டறிந்தோம்.

கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வில்லை அங்கேயே வாங்கினேன். கைப்பிடியையும் இரு கைகளையும் தனித்தனியே கழற்றும் வகை அது; பிள்ளை வளர வளர கைகளை மட்டும் மாற்றினால் போதும். பழையதைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் கடைக்காரர் சொன்னார். அளந்து பார்க்க ஏன் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று கேட்டேன். "கேட்டா யார் சார் வருவாங்க?" என்று சிரித்தார்.

சென்ற மாதம் அம்பு வாங்கப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது: 'வில் அளவு பார்க்க ரூ.200. இங்கே வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும்.' எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். இதுவரை மூன்று பேராம்.