பள்ளிக்கூடத்தோடு நின்றுபோகும் சைக்கிள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்தத் தோல் தொழில் ஊர்களில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேலைக்குப் போவது என்றால் நடை, இல்லாவிட்டால் சைக்கிள். ஹேண்டில்பாரில் தூக்குவாளி ஆட, கேரியரில் மாற்றுத் துணியோடு ஆண்கள் விடியலில் தோல் பதனிடும் ‘தோல் ஷாப்’புக்குக் கிளம்புவார்கள். சொந்த வண்டி இல்லாதவருக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மட்கார்டில் பெயின்டால் எண் எழுதிய வண்டிகள், மணிக்கணக்கில் வாடகை, கடைக்காரர் கையில் ஒரு நோட்டு. கால் எட்டாத பையன்கள் அந்த வண்டிகளில்தான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள்.

அன்றைய அரசும் சைக்கிளை ஒரு வண்டியாகவே மதித்தது. உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி, கட்டியதற்கு அடையாளமாகத் தகட்டு வில்லை கொடுத்தன. இரவில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் ஏற்றினாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். மக்களுக்கு அது தொல்லைதான். ஆனால் வரி வாங்கியபோதும் அபராதம் போட்டபோதும், சாலையில் சைக்கிளுக்கு ஓர் இடம் உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டிருந்தது. இன்று வரியும் இல்லை, வில்லையும் இல்லை. சாலை போடும் கணக்கில் சைக்கிளும் இல்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அன்றைய சைக்கிள் பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்கள் நடந்தார்கள், அல்லது பின்னால் உட்கார்ந்து போனார்கள். அந்த வழக்கத்தை உடைத்தது புதுக்கோட்டை. 1991, 92ஆம் ஆண்டுகளில் அங்கே நடந்த அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரியில் உழைத்த பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஊர் பார்க்க ஓட்டிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி நாடறியச் செய்தார். சைக்கிளுக்காக ஒரு சமூகமே குரல் கொடுத்த கதை நம் மாநிலத்தில் உண்டென்றால் அது இதுதான்.

பத்தாண்டு கழித்து அரசே சைக்கிளைக் கையில் கொடுத்தது. 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. இன்று பள்ளி விடும் நேரத்தில் உமராபாத் பக்கமோ மாதனூர் பக்கமோ நின்று பார்த்தால், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பெடல் மிதித்து வீட்டுக்குப் போவதைக் காணலாம்.

அப்படிப் போகும் ஒரு பெண் பதினெட்டு வயதில் ஷூ கம்பெனியில் சேர்ந்ததும் அந்த சைக்கிள் நின்றுவிடுகிறது. தம்பியிடம் போகிறது, அல்லது வீட்டுச் சுவரோரம் துருப்பிடிக்கிறது. அவள் கம்பெனி பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காத்திருக்கத் தொடங்குகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தன் காலால் ஊரைக் கடந்தவள், சம்பளம் வாங்கத் தொடங்கியதும் அடுத்தவர் வண்டிக்காகக் காத்து நிற்கிறாள்.

சோம்பல் என்றோ அந்தஸ்து ஆசை என்றோ இதைச் சொல்லிவிடக் கூடாது. முதல் காரணம் தொழில் மாறிய விதம். பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை 1973 முதல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும், பிறகு ஷூவின் மேற்பாகமும், முழு ஷூவும் இங்கேயே தயாராகத் தொடங்கின. தோல் ஷாப்புக்குச் சில பத்து ஆட்கள் போதும். ஷூ கம்பெனிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டும். அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஊருக்குள் ஆள் போதாமல் கம்பெனி பஸ்கள் தொலைவிலுள்ள கிராமங்களுக்கும் போயின. இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருப்பவரை சைக்கிளில் வா என்று யாரும் கேட்க முடியாது. அவருக்கு பஸ்தான் நியாயம்.

ஆனால் ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களும் ஏராளம். துத்திப்பட்டு போன்ற ஊர்களிலிருந்து ஆம்பூர் வர சைக்கிளில் அரை மணி நேரம் போதும். வேலூரிலும் அப்படித்தான். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து கோட்டை சில கிலோமீட்டர்தான். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் ஓடும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் டவுன் பஸ்களில் நெரிசலில் தொங்கிப் போகிறவர்களில் பலருக்கு சைக்கிள் தூரம்தான். அவர்களைத் தடுப்பது தூரமில்லை, சாலை.

சென்னை பெங்களூரு சாலை ஒரு காலத்தில் ஊர்ச் சாலையாகவும் இருந்தது. மாட்டு வண்டியும் லாரியும் சைக்கிளும் அதில் சேர்ந்து போயின. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் அது நான்கு வழியானது, பிறகு ஆறு வழிக்கு அகன்றது. இன்று பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கச்சாவடிகள். ஏற்றுமதிப் பெட்டிகள் துறைமுகத்துக்கு விரைவாகப் போகின்றன, நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிகளை நிரப்பும் தொழிலாளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும், ஓரத்தில் லாரி நிற்கும். ஷிஃப்ட் முடிந்து இருட்டில் அந்த வழியாக மகளை சைக்கிளில் வரச் சொல்ல எந்த அம்மாவுக்குத் துணிவு வரும்?

அரசு பெண்களின் பயணத்தைப் பற்றி நினைக்காமல் இல்லை. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் வந்தது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டும் பெரிய உதவி. ஆனால் பள்ளி சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே, கையில் ஏற்கெனவே இருக்கும் வண்டியைத் தொடர்ந்து ஓட்ட வழி செய்யும் வேலைதான் விட்டுப்போயிற்று. பெட்ரோல் வேண்டாத, பஸ் போய்விட்டால் ஒரு நாள் கூலி போய்விடாத வண்டி அது.

இன்று அதே சென்னை பெங்களூரு சாலையில் வேறொரு வகை சைக்கிளும் ஓடுகிறது. ஞாயிறு காலைகளில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக நெடுந்தூரம் போகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களைப் போன்ற நகரத்துக் குழுக்களும் நகரத் திட்ட அமைப்புகளும் பேசிப் பேசித்தான் அரசுகளின் காதில் சைக்கிள் விழுந்தது. 2014இல் சென்னை மாநகராட்சி நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது.  ஆனால் ஆம்பூரின் வாட்ச்மேனும் கொத்தனாரும் ஷூ கம்பெனிப் பெண்ணும் இந்தப் பேச்சில் அதிகம் இடம்பெற்றதில்லை. ஆசைக்கு ஓட்டுகிறவரும் தேவைக்கு ஓட்டுகிறவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால்தான் அதற்குக் கனம் கூடும்.

நெதர்லாந்தின் சைக்கிள் பாதைகளும் மேலிருந்து தானாக வந்துவிடவில்லை. 1971ஆம் ஆண்டில் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கியதன் பலனும் இன்றைய பாதைகளில் இருக்கிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போய்ப் பாடம் கற்க வேண்டியதுகூட இல்லை. தோல் கழிவால் பாலாறு கெட்டபோது உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. தண்ணீருக்காகக் கேட்கத் தெரிந்த மண் இது. சாலைக்காகவும் கேட்கலாம்.

கேட்க வேண்டியவை எளியவை. சர்வீஸ் சாலையில் தடுப்போடு பிரித்த சைக்கிள் பாதை. ஆட்கள் அதிகம் கடக்கும் இடங்களில் சைக்கிளும் இறங்கி ஏறும்படி சாய்தளத்தோடு சுரங்கப்பாதை. வழி நெடுக விளக்கு. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம். முதல் மூன்றும் நெடுஞ்சாலைத் துறையும் நகராட்சியும் செய்ய வேண்டியவை. நான்காவதை ஏற்றுமதி செய்யும் முதலாளிகள் நினைத்தால் இந்த ஆண்டே செய்யலாம்.

கிராம சபையில், தொழிற்சங்கக் கூட்டத்தில், மகளிர் குழுவில், பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். உங்கள் வீட்டில் நிற்கும் அந்த சைக்கிளுக்குக் காற்றடித்து, மனுவோடு அதிலேயே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.